முதுகுக்குப் பின்னே ஒரு கண்ணாடி

படம் அழகாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல வழியில்லை. அரக்கு நிறப் பட்டு உடுத்து, நெற்றியிலே சுட்டியும் கழுத்திலே இரவல் நகையும் தாங்கி, பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி சற்றே சாய்ந்த கோணத்தில் அமர்ந்திருக்கிறாள். முகம் நம்மை நோக்கியிருக்கிறது. முதுகுக்குப் பின்னே ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள்ளே, உச்சியிலிருந்து இடை வரைக்கும் மல்லிகை மொட்டும் மரிக்கொழுந்தும் சரிகையும் வைத்துத் தைத்த பூச்சடை தொங்குகிறது, முடிவிலே குஞ்சலம். முகமும் சடையும் ஒரே சட்டத்துக்குள்! கலைஞன் கைவண்ணம் என்று வியக்கலாம். வியந்துகொண்டுதான் இருக்கிறது ஊர்.

படத்தைக் கொண்டுவந்து காட்டியவள் என் மாணவி. எட்டாம் வகுப்பு. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பள்ளிப் பக்கமே வராதிருந்து, மாமன் சீரும் மைக் செட்டும் மஞ்சள் நீரும் எல்லாம் முடிந்த பின்னர் வந்தவள், பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்திருந்த அந்தப் படத்தை என் மேசைமேல் வைத்தாள். சடை நன்றாக வந்திருக்கிறதே என்றேன். அவள் சொன்னாள்:

“எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க டீச்சர். நாந்தான் பாக்கல.”

விமர்சனம் என்ற பெயரில் பக்கம் பக்கமாக எழுதுவோர் பலர் உளர். அந்தச் சிறுமியின் இரண்டு சொற்களைவிட அப்படத்தைப் பற்றிக் கூர்மையாக எவரும் எழுதிவிட முடியாது. கண்ணாடி எதற்கு இருக்கிறது? தன்னைத் தான் காண்பதற்கு. ஆனால் தமிழ்நாட்டின் நிழற்பட நிலையங்களிலே ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன்முன் அமர்பவள் அதைப் பார்க்கவே கூடாது! பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவளுக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட கண்ணாடி அது. அவள் திரும்பினாலோ படம் கெட்டுவிடும்.

இந்த வகைப் படம் நேற்று முளைத்ததன்று. நம் பாட்டிமார் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் இதே அமைப்பு உண்டு. பூப்பு நீராட்டுக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று என்று பெண்ணுடைய வாழ்வின் மூன்று நிலைகளிலும் இந்தக் கண்ணாடி அவள் முதுகைத் தொடர்ந்து வரும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கிக் காத்து வைத்திருக்கிறார்கள். நல்ல பணி, பாராட்டத்தக்க பணி. அரசர்களின் வரலாறு கல்வெட்டில் கிடைக்கும். அடுப்படியில் வாழ்ந்தவளின் வரலாறு அந்த மங்கிய அட்டைகளில்தானே கிடைக்கும்? கிடைப்பது என்ன என்பதே நம் கேள்வி. அவள் எப்படி இருந்தாள் என்பதா, அவளை எப்படி இருக்க வைத்தார்கள் என்பதா?

அப்படத்தை எடுப்பது எளிதான வேலையன்று. அதையும் சொல்லிவிட வேண்டும். கைத்தொழிலை இழிப்பது நம் கொள்கை அல்ல. விழும் ஒளிக்கதிர் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில்தான் எதிரொளித்துத் திரும்பும். கண்ணாடிக்கு நேர் எதிரே கேமராவை வைத்தால், கேமராவும் அதன் பின்னே குனிந்து நிற்பவரும் கண்ணாடிக்குள் வந்து குந்திக்கொள்வார்கள். ஆகவே கண்ணாடியைச் சாய்க்க வேண்டும், பெண்ணையும் சாய்க்க வேண்டும், விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்காமல் ஒதுக்க வேண்டும். அதோடு தீர்ந்ததா? கண்ணாடிக்கு மூன்றடி முன்னால் இருக்கும் பொருளின் உருவம், கண்ணாடிக்குள் மூன்றடி ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். முகத்துக்குக் குவியம் பார்த்தால் சடை மங்கும். சடைக்குப் பார்த்தால் முகம் மங்கும். இரண்டும் தெளிய வேண்டுமானால் லென்சின் துளையைச் சுருக்க வேண்டும். துளை சுருங்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் நேரம் கூடும். அந்த நேரம் முழுவதும் அவள் அசையக்கூடாது. அந்நாளில் படம் எடுப்பவர் சொல்லும் வழக்கமான கட்டளை ஒன்று உண்டு: “பொம்மை மாதிரி அசையாமல் இரும்மா!”

பொம்மை! அந்தச் சொல்லைப் பின்னால் எடுத்துக்கொள்வோம். இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். இத்தனை பாடும் எதற்கு? ஏற்பாடு செய்தவர் படத்தில் விழாமல் இருப்பதற்கு. கண்ணாடியிலே சடை தெரிகிறது. சடை தைத்தவள் தெரியவில்லை. பட்டு தெரிகிறது, அதற்குக் கடன் வாங்கிய தந்தை தெரியவில்லை. “இனி வெளியே ஓடாதே, ஆண் பிள்ளைகளோடு பேசாதே, பள்ளிக்கூடம் போதும்” என்று சொன்ன வாய்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-இல் ஓர் ஓவியம் தீட்டினார். மாட்ரிட் நகரத்துப் பிராடோ காட்சியகத்தில் இருக்கிறது. நடுவிலே சின்ன இளவரசி, சுற்றிலும் பணிப்பெண்கள், பின்சுவரிலே ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் அரசனும் அரசியும் தெரிகிறார்கள். யார் முன்னிலையில் அந்தக் குழந்தை அப்படி விறைத்து நிற்கிறது என்பதைக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஓவியரோ தூரிகையும் கையுமாகத் தாமும் படத்தினுள் நிற்கிறார். அரண்மனைச் சம்பளம் வாங்கியவர்தான். எனினும் ஏற்பாட்டை மறைக்கவில்லை. நம் ஊர்க் கண்ணாடிக்கு அந்தத் துணிவு வாய்க்கவில்லை.

பிறர் வீட்டுப் பெண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நழுவினால் நேர்மை ஆகாது. என் வீட்டுச் சுவரிலும் இந்தப் படம் உண்டு. உள்ளே இருப்பவள் நான். என்னைத் தனியே உட்கார வைத்த பதினாறு நாளும் என் பாட்டி அறையிலிருந்த கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். அந்த நாட்களில் கண்ணாடி பார்த்தால் ஆகாதாம்! பதினேழாம் நாள், நீராட்டி, நகை பூட்டி, ஒரு கண்ணாடியின் முன்னே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள், அதற்கு முதுகைக் காட்டியபடி. பதினாறு நாள் பார்க்கக்கூடாது. பதினேழாம் நாள் பார்க்க முடியாது. அன்று எனக்கு இது உறைக்கவில்லை. இந்தச் சிறுமி இரண்டு சொல்லில் சொன்னபோதுதான் உறைத்தது. ஆசிரியைக்கு மாணவி பாடம் நடத்திய கதை இது.

பொம்மைக்கு வருவோம். குறுந்தொகையின் எட்டாம் பாடல் ஆலங்குடி வங்கனார் இயற்றியது. அதிலே பரத்தை ஒருத்தி தலைவனை எள்ளி நகையாடுகிறாள்: எம்மிடம் வந்து பெரும்பேச்சுப் பேசியவன், தன் வீட்டுக்குப் போனதும் மகனைப் பெற்றவள் சொன்னபடியெல்லாம் கையும் காலும் தூக்குகிறானாம், கண்ணாடிக்குள் தெரியும் பாவையைப் போல! ‘ஆடிப்பாவை’ என்பது அப்புலவர் ஆண்ட சொல். கண்ணாடியையும் பொம்மையையும் ஒரே சொல்லில் பிணைத்த திறம் எத்தகைத்து! தனக்கென இயக்கம் இல்லாதது, எதிரே நிற்பவர் அசைத்தால் அசைவது, அதுதான் ஆடிப்பாவை. அன்று அப்பெயரை ஓர் ஆண்மகனுக்குச் சூட்டிச் சிரிக்க ஒரு பெண்ணால் முடிந்தது, பாட்டிலாவது. இன்றைக்கு அந்தப் பெயர் யாருக்குப் பொருந்துகிறது?

பெண்ணும் பொம்மையும் கைகோத்து வரும் இன்னொரு மேடை கொலு. புரட்டாசி பிறந்தால் பூம்புகார் நிலையங்களில் கொலுப் பொம்மைக் கண்காட்சி. மதுரைக்கருகே விளாச்சேரியில் மண் குழைத்த கைகளுக்குச் சிலகாலம் கஞ்சி. அந்தக் கைகளை நான் வணங்குவேன். ஆனால் பொம்மைகளை அடுக்கும் முறையைப் பாருங்கள். படிகள்! மேல்படியில் கடவுளர், அதன் கீழே முனிவரும் மகான்களும், அதன் கீழே மனிதர், அதன் கீழே விலங்கு, அதன் கீழே புழு பூச்சி என்று விளக்கம் சொல்லுவார்கள். ஆன்மா படிப்படியாக உயர்வதாம்! உயர்ந்ததைக் கண்டவர் யார்? அடுக்கி வைத்த பொம்மை அடுத்த படிக்குத் தானாக ஏறியதாக எந்த வீட்டிலும் செய்தி இல்லை. அண்ணல் அம்பேத்கர் இந்தச் சமுதாயத்தைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். அதற்கு விளக்கப் படம் வேண்டுவோர் நூலகத்துக்குப் போக வேண்டாம். ஒன்பது இரவுகள் எந்தக் கூடத்திலும் கண்டுகொள்ளலாம். கொலுவும் ஒரு கண்ணாடிதான். மனிதர் படியிலே செட்டியார் தம் மனைவியோடு அரிசி, பருப்பு, புளி பரப்பி அமர்ந்திருப்பார், மணமகன் மணமகள் இருப்பர், நாயனக்காரர் இருப்பர். சாக்கடை அள்ளுகிறவரை எந்தக் கொலுவிலாவது கண்டதுண்டா? நான் கண்டதில்லை. கண்ணாடியிலே விழாத மனிதர்களும் உண்டு போலும்.

பொம்மை சேர்ப்பதே மடமை என்று நான் சொல்ல வரவில்லை. டில்லியிலே 1965-இல் திறக்கப்பட்ட சங்கர் பொம்மைக் காட்சியகம் உண்டு. காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளை நிறுவியது. எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் பொம்மைகள் கண்ணாடிப் பேழைகளுக்குள்ளே நிற்கின்றன. ஜப்பான்காரி ஒரு பேழையில், அங்கேரிக்காரி மற்றொரு பேழையில். ஒருவர் தலைமேல் ஒருவர் கால் வைக்காமல். பேழையின் முன் நின்றால் பொம்மையின் மேல் நம் முகமும் மெல்லிய நிழலாக விழும். பிள்ளைகளுக்கு அப்படித்தான் பொம்மை கொடுக்க வேண்டும். அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் அரக்குச் சாயம் ஏற்றிச் செய்யும் மரச்சொப்பு, குற்றாலத்துச் சாரல் காலக் கடைகளில் தொங்குமே, அதையும் நான் வெறுப்பவளல்லள். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கிறது? அடுப்பு, பானை, அம்மி, உரல், முறம். அண்ணனுக்கு வண்டி வாங்கித் தந்த கையே தங்கைக்கு அம்மி வாங்கித் தருகிறது. ஐந்து வயதில் கையிலே சொப்பு. பதின்மூன்று வயதில் அவளே சொப்பு.

நாட்டார் வழக்குகளிலே கண்ணாடிக்குக் கட்டிய கதை கொஞ்சமா? இரவிலே கண்ணாடி பார்க்காதே, தரித்திரம். உடைந்த கண்ணாடியில் முகம் பார்க்காதே, கேடு. பெண்பிள்ளை அடிக்கடி கண்ணாடி முன் நிற்காதே, ஊர் பேசும். ஆனால் சித்திரை முதல் நாள் விடியலிலே கண்ணாடியும் கனியும் பொன்னும் வைத்துக் கண்ணைப் பொத்தி அழைத்துவந்து காட்டுவார்கள். அன்று மட்டும் மங்கலம். பார்க்கும் உரிமைக்கும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருக்கிறது! மலைக்கு அப்பால் ஆரன்முளையில் உலோகக் கண்ணாடி செய்கிறார்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைச் செய்தோர் நம் சங்கரன்கோவிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட கன்னார் குடும்பங்கள் என்று வழிவழிக் கதை ஒன்று உண்டு. தேவியின் அருளால் கிட்டிய கலவை, குடும்ப மறைபொருள் என்பார்கள். உலோகவியலார் ஆய்ந்து, செம்போடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் அது என்று கூறிவிட்டனர். அருள் கரைந்தது, அறிவு மிஞ்சியது, கைத்திறனின் பெருமையோ ஒரு துளியும் குறையவில்லை.

இந்தக் கதைகளில் எல்லாம் என்னை உறங்கவிடாத கதை ஒன்றுண்டு. தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் திருவில்லிபுத்தூர். அங்கே கோயிலுக்குள் ஒரு கிணறு காட்டுவார்கள். கண்ணாடிக் கிணறு என்று பெயர். கடவுளுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடி, ஆண்டாள் தன் அழகைப் பார்த்துக்கொண்ட நீராம். பக்தர்கள் பக்திக்காகச் சொல்லும் கதையை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். தமிழ்க் கதைகளிலே, யாரும் உட்கார வைக்காமல், யாரும் அலங்கரித்துவிடாமல், தானே மாலையை எடுத்துத் தானே சூடி, தன்னைத் தானே பார்த்துக்கொண்ட பெண் அவள். தந்தை சினந்தார் என்கிறது கதை. சினம் தணிந்தது எப்போது? அவள் பார்த்தது தன்னை அன்று, தெய்வத்துக்குத் தான் பொருத்தமா என்பதை என்று விளக்கம் வைத்த பிறகு! கடைசியில் அவளைச் சிலைக்குள் கலக்கச் செய்து கதையை முடித்துவிட்டார்கள். கண்ணாடி பார்த்த பெண்ணை மனுஷியாக விட்டுவைக்கக் கதைக்கு மனமில்லை. ஒன்று பழி, அல்லது பீடம்.

இத்தனைக்கும் எதிர்நிலையில் நின்ற இரண்டு கண்ணாடிகளை இனிச் சொல்ல வேண்டும். அவை இரண்டும் திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் வைக்கப்பட்டவை. எங்கள் புளியறைக்கு அதில் உறவு இருக்கிறது. செங்கோட்டையோடு சேர்ந்து இந்த ஊரும் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர் சீமையைச் சேர்ந்ததே. இன்று சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்க, நடவுக்குக் காத்திருக்கும் வயல் நீரிலே மலை தலைகீழாய் நிற்கும் இவ்வூர், அந்தக் கண்ணாடிகளை மறந்தே போயிற்று.

முதலாவது, சாமித்தோப்பில் வைகுண்டர் வைத்த கண்ணாடி. 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்தவர். ஒடுக்கப்பட்ட மக்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மாரை மறைக்கக்கூடாது என்று இருந்த ஆட்சி அது. தோள்சீலை உரிமைக்கு அரசாணை வந்ததே 1859-இல்தான். அந்த ஆட்சியில், சிலை இருக்க வேண்டிய இடத்திலே நிலைக்கண்ணாடியை நிறுத்தி, இருபுறமும் விளக்கேற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நில் என்றார். வந்து நின்றவன் என்ன கண்டான்? தலைப்பாகை கட்டிய தன்னையே கண்டான்! குனிந்து குனிந்தே கூன் விழுந்தவனுக்கு நிமிர்ந்த தன் உருவத்தைக் காட்டியது அந்தக் கண்ணாடி. அவரைத் திருவனந்தபுரத்துச் சிறையில் அடைத்தது அரசு. சிலை வைத்தவரை அரசு சிறையிலா அடைக்கும்? கண்ணாடி வைத்தவரைத்தான் அடைக்கும்.

இரண்டாவது, 1927-இல் சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டிலே நாராயண குரு வைத்தது. அங்கே சிலை வேண்டும் என்போர் ஒருபுறம், சிலையே வேண்டாம் என்ற இளைஞர் மறுபுறமாக வழக்காடினர் என்பர். கண்ணாடி ஒன்றைக் கொண்டுவரச் செய்து, அதன் பின்னிருந்த இரசப் பூச்சைச் சுரண்டி ‘ஓம் சாந்தி’ என்று எழுத்தாக்கி, அதையே நிறுவினார். வைக்கம் போராட்டத்திலே பெரியார் சிறை புகுந்தது 1924-இல். மூன்றே ஆண்டு கழித்து, அதே மண்ணில் இது.

தோழர்கள் சிலர் கேட்பர்: இதுவும் கோயில்தானே? இதற்கும் விளக்குத்தானே? ஆம். மறைக்கவில்லை. ‘ஓம்’ என்று எழுதிய கண்ணாடி பாதிக் கண்ணாடிதான். எழுத்து இருக்குமிடத்தில் முகம் தெரியாது. கண்ணாடிக்கும் மாலை சூட்டி, அதையும் கும்பிட்டு, தன் முகத்தைக் காணாமலே திரும்பும் கூட்டம் பெருகிவிட்டால், சிலைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தலைப்பாகை ஆடவர் தலைக்கு மட்டும் உரியதாகிவிட்டது என்ற குறையும் எனக்கு உண்டு. ஆனால் அளவுகோல் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது: கண்ணாடியின் முன் நிற்பவர் அதைப் பார்க்கிறாரா, அதற்கு முதுகு காட்டும்படி செய்யப்படுகிறாரா? வைகுண்டரின் கண்ணாடி, பார் என்றது. ஸ்டூடியோவின் கண்ணாடி, பார்க்காதே, பார்க்கப்படு என்கிறது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். நம் இயக்கத்தின் ஏடுகள் வளர்ந்த இடம் எது? முடிதிருத்தும் நிலையம். நாளேடும் கிழமை இதழும் வாங்கிப் போட்டு, ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட பள்ளிக்கூடம் அது. அங்கே இரண்டு கண்ணாடிகள், எதிரெதிரே. ஆடவன் தன் முகத்தையும் பார்ப்பான், பிடரியையும் பார்ப்பான். “பின்னால் இன்னும் கொஞ்சம் குறை” என்று ஆணையிடுவான். கையிலே ஏடு, கண்முன்னே கண்ணாடி. பகுத்தறிவு பிறந்த அந்த அறைக்குள் பெண் நுழைந்ததில்லை. அவளுக்கு ஏடும் இல்லை, எதிர்க்கண்ணாடியும் இல்லை. பெண்கள் கூந்தலைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நகை மோகத்தை ஒழிக்க வேண்டும் என்று பெரியார் சொன்னபோது கைதட்டினோம். கைதட்டிய கைகள் வீட்டுக்குப் போய்ச் சடைக்குப் பூ வாங்கிக் கொடுத்தன.

மிகையாகப் பேசுகிறேனா? சென்ற மாதம் எங்கள் வட்டாரத்துச் சாலையோரம் பிளக்ஸ் தட்டி ஒன்று நின்றது. பூப்புனித நீராட்டு விழா. பன்னிரண்டடி உயரத்தில் ஒரு சிறுமி. அதே சாய்வு, அதே பூச்சடை. கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை, கணினியிலே அவளை இரண்டாக்கி, முகம் ஒரு பக்கமும் சடை மறுபக்கமும் ஒட்டிவிட்டார்கள். மேல் மூலையிலே யார் படம்? தாடியும் கைத்தடியுமாகத் தந்தை பெரியார்! அழைப்பவர் கறுப்புச் சட்டைத் தோழர். ஒரு சிறுமியின் உடலில் நிகழ்ந்த இயற்கை மாற்றத்தை, லாரி ஓட்டுநரும் சாவடிக் காவலரும் சபரிமலைக்குப் போகும் கூட்டமும் படித்துச் செல்லும்படி பன்னிரண்டடிக்கு அறிவிப்பதற்குப் பெரியார் சாட்சியா? பெயர் சொல்லமாட்டேன். அவர் இதைப் படிப்பார். நம் ஏட்டுக்குச் சந்தாதாரர்.

“இப்போதெல்லாம் பெண்பிள்ளைகள் தாமே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்களே, இன்னுமா பழைய கதை?” என்று கேட்கலாம். எடுத்துக்கொள்கிறார்கள், நானும் மகிழ்கிறேன். செல்ஃபி எடுக்கையில் திரையில் நாம் காண்பது இடவலம் மாறிய கண்ணாடி உருவமே. 1977-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மீட்டா முதலிய மூவர் மாணவியரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். ஒருத்தியின் நேர்ப்படத்தையும் இடவலம் மாற்றிய படத்தையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டபோது, பலரும் தமக்கு மாற்றிய படத்தை விரும்பினர். அவர்களுடைய தோழியரோ நேர்ப்படத்தை விரும்பினர். எது பழகிற்றோ அது பிடிக்கிறது, அவ்வளவே. தன்னைத் தான் கண்டு பழகியவளுக்குத் தன் கண்ணில் ஒரு முகம் உண்டு. அது ஊரார் கண்ட முகம் அன்று. இதுதான் எனக்கு வேண்டியது. நாள்தோறும் தன்னைப் பார்த்துத் தன்னைப் பற்றித் தானே கருத்துக் கொள்ளும் உரிமை. பூ வேண்டுமா, வைத்துக்கொள்ளட்டும். படம் வேண்டுமா, எடுத்துக்கொள்ளட்டும். எதற்காக, எப்போது, யார் பார்க்க என்ற மூன்றையும் அவள் முடிவு செய்யட்டும்.

அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்த ஒரு நாள், எட்டாம் வகுப்பு என் தலையில் விழுந்தது. கலைப் பட்டம் பெற்ற எனக்கு ஒளியியல் எங்கே தெரியும்? பெட்டியிலிருந்த இரண்டு சமதளக் கண்ணாடிகளை எடுத்துக் கொடுத்து, புத்தகத்தில் உள்ளபடி செய்து பாருங்கள் என்றேன். கோணத்தை மாற்ற மாற்ற ஒரு பென்சில் மூன்றானது, ஐந்தானது, வகுப்பு கூச்சலிட்டது. அந்தச் சிறுமி மட்டும் ஒரு கண்ணாடியைத் தோழியிடம் கொடுத்துத் தன் முதுகுக்குப் பின்னே பிடிக்கச் சொன்னாள். மற்றொன்றைத் தன் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அப்படியும் இப்படியும் சாய்த்து, ஒருவாறு கண்டுபிடித்துவிட்டாள். பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பூவும் இல்லை, குஞ்சலமும் இல்லை. எண்ணெய் தடவி மடித்துக் கட்டிய பள்ளிக்கூடத்து இரட்டைச் சடை. நெடுநேரம் பார்த்தாள்.

“வகிடு கோணலா இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டு, ரிப்பனை அவிழ்த்துத் தானே பின்னத் தொடங்கினாள்.